மின்சாரம் போனாலும் தொடர்பு போகாதிருக்க



வீட்டிற்கு முதன்முதலாகத் தொலைபேசி வந்த காலத்தை அறிந்தவர்கள் ஒரு செய்தியை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். மின்சாரம் நின்று, விளக்கு அணைந்து, விசிறி ஓய்ந்து, தெருவே இருண்டு கிடக்கும் வேளையிலும், கூடத்து மூலையிலிருந்த அந்தக் கருவி மட்டும் மணியடிக்கத் தவறியதில்லை. அதற்கென்று வீட்டில் ஒரு மின்விசை தேவைப்பட்டதில்லை. மின்கட்டணத்தில் அதன் கணக்கு ஏறியதுமில்லை. இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. வீடுதோறும் ஒளியிழை வந்துள்ளது. கடல்கடந்த பிள்ளையின் முகத்தைக் கையளவுத் திரையில் காண்கின்றோம். ஆயினும், விளக்கு அணையும் அதே நொடியில் அம்முகமும் மறைந்துவிடுகின்றது. பேச்சு பாதியில் நிற்கின்றது. எதிர்முனையில் இருப்பவர் என்ன நேர்ந்ததோ என்று கலங்குகின்றார்.

முன்னேற்றம் என்று நாம் போற்றுகின்ற ஒன்றில் இத்தகைய குறை ஏன் வந்தது? அதனைக் குறைந்த செலவில், நம் கையாலேயே நீக்கிக்கொள்ள வழியுண்டா? இவ்விரு வினாக்களுக்கும் எமது பங்கு இல்லத்தில் நாம் கண்ட விடையை இங்கே விரித்துரைக்க விழைகின்றோம்.

பழைய கம்பியும் புதிய இழையும்

பழைய தொலைபேசியின் இரகசியம் அக்கருவிக்குள் இருந்ததன்று. ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இருந்தது. அங்கே ஒரு பெரிய அறையில் ஈயப் பேட்டரிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவை தரும் 48 வோல்ட்டு மின்னழுத்தம், செம்புக் கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டிற்கும் வந்து சேர்ந்தது. நம் குரலைச் சுமந்து சென்ற அதே கம்பி, கருவி இயங்குவதற்கு வேண்டிய மின்சாரத்தையும் சுமந்து வந்தது. ஊரில் மின்சாரம் நின்றாலும் அப்பேட்டரிகள் நிற்கவில்லை. அவை தளர்ந்தால் டீசல் இயந்திரம் துணைக்கு வந்தது. ஆக, நம் வீட்டுத் தொடர்பு அறாமல் காக்கும் பொறுப்பை நம் பொருட்டு வேறொருவர் ஏற்றிருந்தார். அப்படியொரு பொறுப்பு இருந்ததையே நாம் அறியாதிருந்தோம்.

ஒளியிழை அவ்வாறானதன்று. அது தலைமுடியளவே பருமனுள்ள கண்ணாடி. அதனுள்ளே செல்வது ஒளி. செய்தியை மிக வேகமாகவும் மிகுதியாகவும் கொண்டுவர அது வல்லதாயினும், வீட்டுப் பெட்டியை இயக்கும் அளவு மின்சாரத்தை அதனால் கொண்டுவர இயலாது. நிலையத்திலிருந்து புறப்படும் ஒளி, வழியிலே பல வீடுகளுக்காகப் பிரிக்கப்படுகின்றது. பிரிக்கும் அச்சிறு கருவிகளுக்கும் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் தேவையில்லை. கண்ணாடியே ஒளியைப் பங்கிட்டுவிடுகின்றது. ஆதலின், நிலையத்திலே பேட்டரி இருக்குமாயின், தெருவே இருண்டிருந்தாலும் அவ்வொளி நம் சுவர்வரை வந்து நிற்கின்றது. அதனை வாங்கி மின்குறிப்பாக மாற்றி நம் கைப்பேசிக்குத் தரவேண்டிய பெட்டி மட்டும் உறங்கிக் கிடக்கின்றது. வாயிலில் விருந்தினர் வந்து நிற்க, கதவைத் திறக்க ஆளில்லாத வீட்டின் நிலை இது.

ஆகவே, முன்பு தொலைபேசி நிலையம் ஏற்றிருந்த பொறுப்பு இப்பொழுது நம் வீட்டிற்கு மாறிவிட்டது. யாரும் நம்மிடம் சொல்லாமலே மாறிவிட்டது. இதனை உணர்ந்தால் செய்யவேண்டியது இன்னதென்று விளங்கும். தொலைபேசி நிலையத்துப் பெரிய அறையிலிருந்த பேட்டரியின் சிறியதொரு பிள்ளையை நம் கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

எமது ஊரும் இருளும்

குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே இவ்வழியாக மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். சி. இராஜம் அவர்கள் 1949-இல் இங்கு நிறுவிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி, தொடக்கத்திலிருந்தே மின்னணுவியலைத் தனிப்பாடமாகக் கற்பித்தது. அப்துல் கலாம் அவர்கள் வானூர்திப் பொறியியல் பயின்றதும் அங்கேதான். மின்சாரமும் மின்னணுவியலும் இவ்வூருக்குப் புதியவை அல்ல.

ஆயினும், மின்சாரம் நிற்பதும் இவ்வூருக்குப் புதியதன்று. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்விநியோகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பை நாளிதழ்களில் அடிக்கடி காண்கின்றோம். இது முன்னரே சொல்லி வரும் இருள். சொல்லாமல் வரும் இருளும் உண்டு. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை தென்சென்னைப் புறநகர்களை வெள்ளக்காடாக்கியது. இம்மூன்று வேளைகளிலும் பல தெருக்களில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் தத்தம் பேட்டரி தீர்ந்தபின் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மிக்ஜாம் வந்துபோன மறுவாரத்தில், எமது பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் காணச் சென்றோம். எழுபத்தெட்டு வயது. தனியே வாழ்கின்றார். மகன் குடும்பத்தோடு குவைத்தில் இருக்கின்றார். நாள்தோறும் மாலையில் பேரப்பிள்ளைகளோடு கைப்பேசி வழியே செபமாலை சொல்லுவது அவ்வம்மையாரின் வழக்கம். புயல் நாளில் மின்சாரம் நின்றதும் வைஃபை நின்றது; மறுநாள் கைப்பேசிக்கும் சிக்னல் இல்லை. இரண்டு இரவுகள் மகனுக்குத் தாயின் குரல் கிட்டவில்லை. அவர் தெரிந்தவர் அனைவரையும் அழைத்துப் பார்த்து, இறுதியில் எமது பங்கு இளைஞர் ஒருவருக்குச் செய்தி எட்டி, அவர் இடுப்பளவு நீரில் நடந்து சென்று பார்த்து வந்தபின்னரே அக்குடும்பம் உணவு கொண்டது.

“இருட்டு எனக்குப் பழக்கம்தான் சாமி, மெழுகுவர்த்தி இருக்கிறது. அவன் அங்கே என்ன பாடு படுகிறானோ என்று நினைத்துத்தான் எனக்கு உறக்கம் வரவில்லை” என்றார் அவர்.

“அம்மா, அடுத்த மழைக்கு முன் ஏதாவது செய்வோம்” என்று கூறி விடைபெற்றோம். அச்சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் அளவு, பின்னர் பொருள்

எமது பங்கிலே பொறியியல் பயிலும் இளைஞர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கின்றதே, அது போதாதா என்று முதலில் எண்ணினோம். அது உள்ள வீட்டிற்குப் போதும். ஆனால் ஒற்றையறையில் வாடகைக்கு இருப்பவருக்கும், பெரிய பேட்டரிக்கு நீரூற்றிப் பராமரிக்க இயலாத முதியவருக்கும் அது ஏற்றதன்று. மேலும், இன்வெர்ட்டர் 12 வோல்ட்டு பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்துகின்றது. நம் அடாப்டர் அதனை மீண்டும் 12 வோல்ட்டாகத் தாழ்த்துகின்றது. இவ்வேற்ற இறக்கத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகின்றது. நமக்கு வேண்டியதோ பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட்டு.

எவ்வளவு வேண்டும்? பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட்டு, 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இது அடாப்டர் தரவல்ல உச்ச அளவு. பெட்டி உண்மையில் உண்ணும் அளவு அன்று. மல்டிமீட்டரை இடையே இணைத்து அளந்தபோது 0.7 ஆம்பியரே காட்டியது. 12-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 8.4 வாட்டு. சிறியதொரு எல்.ஈ.டி. விளக்கு எரியும் அளவு. பராமரிப்பு நாளின் ஐந்து மணி நேரத்தை இலக்காக வைத்தால், 8.4-ஐ ஐந்தால் பெருக்க 42 வாட்டு-மணி வருகின்றது. இதுவே நம் தேவை. இக்கணக்கை முதலில் போடாமல் கடைக்குச் செல்பவர், ஒன்று வேண்டாத அளவு வாங்குவார். அன்றேல் போதாத அளவு வாங்குவார்.

அடுத்தது எந்தப் பேட்டரி என்னும் வினா. மூன்று வகைகள் நம் முன் நின்றன.

முதலாவது, 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. கணினி யு.பி.எஸ்.களில் இருப்பது இதுவே. 12-ஐ 7-ஆல் பெருக்க 84 வாட்டு-மணி. ஆனால், ஈயப் பேட்டரியை முற்றும் வற்றவிட்டால் விரைவில் கெடும். பாதியளவே பயன்படுத்துவது நன்று. அவ்வாறாயின் 42 வாட்டு-மணியே கைக்கு வருகின்றது. நம் தேவைக்கு மேல் ஒரு துளியும் மிச்சமில்லை. மேலும் வெப்பம் இதற்குப் பகை. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. நம் சித்திரை, வைகாசி வெயிலில் அதன் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, மடிக்கணினிகளில் இருக்கும் விரலளவான லித்தியம் மின்கலம். எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆயினும், அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ, நசுங்கினாலோ, உள்ளே முனைகள் ஒன்றோடொன்று தொட்டாலோ தீப்பற்றும் இயல்பு அதற்கு உண்டு.

மூன்றாவது, லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு மின்கலம். இதனையே தேர்ந்தோம். இதிலே ஆக்சிஜன், பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் பிரிந்து தீக்கு உதவுவதில்லை. ஆயிரக்கணக்கான முறை ஏற்றியிறக்கினும் தாங்குகின்றது.

இரும்புக் கலத்தின் பின்னே ஒரு தமிழர்

இம்மின்கலத்தின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்னும் அறிஞரும், அவரோடு பணியாற்றிய பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இந்திய ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுரைதான் இரும்புப் பாஸ்பேட்டு மின்கலத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, 1980-களின் பிற்பகுதியில், குட்இனஃப்புடன் இணைந்து ஆய்ந்த அருமுகம் மந்திரம் என்னும் தமிழர் இதற்கான பாதையைச் செப்பனிட்டிருந்தார். இரும்போடு சல்பேட்டு போன்ற கூட்டணுக்களைச் சேர்த்தால் மின்கலத்தின் அழுத்தம் உயரும் என்று இருவரும் கண்டுகாட்டினர். அருமுகம் மந்திரம் தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். எமது ஊரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கிண்டிப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர்.

லித்தியம் மின்கல ஆய்வுக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃப்புக்கு வயது 97. அவர் சார்பில் சுவீடன் நாட்டில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் அருமுகம் மந்திரமே. விலையுயர்ந்த கோபால்ட்டை நீக்கி, எங்கும் கிடைக்கும் இரும்பை அவ்விடத்தில் அமர்த்தியதால், இன்று எளிய குடும்பமும் இதனை வாங்க இயல்கின்றது.

செய்முறை

எழும்பூர் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து ரிச்சி தெருவை அடைந்தோம். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அத்தெருவில் வேண்டிய யாவும் கிடைத்தன. 3.2 வோல்ட்டு, 6 ஆம்பியர்-மணி மின்கலங்கள் நான்கு. நான்கு கலங்களுக்கான பி.எம்.எஸ். என்னும் காவல் அட்டை. வெளிவரும் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் மாற்றி ஒன்று. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மற்றொரு சிற்றட்டை. டயோடு, ஃபியூஸ், சுவிட்சு, வயர். மின்னேற்றுவதற்குப் பங்கு இல்லத்தில் கிடந்த பழைய மடிக்கணினியின் 19 வோல்ட்டு அடாப்டரைப் பயன்படுத்திக்கொண்டோம்.

நான்கு கலங்களையும் வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட்டு. அதனை 6-ஆல் பெருக்க 76.8 வாட்டு-மணி. இழப்புகளுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 61 எஞ்சும். 8.4-ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்திற்குச் சற்று மேல். ஐந்து மணி இலக்கிற்கு இது தாராளம்.

கலங்களின் முனையில் நேரடியாக ஈயப்பற்று வைத்தலாகாது. அவ்வெப்பம் கலத்தைக் கெடுக்கும். நிக்கல் பட்டையைப் புள்ளிப்பற்று வைத்துத் தருமாறு கடைக்காரரையே கேட்டுப் பெற்றோம். காவல் அட்டையின் பணி, ஒவ்வொரு கலமும் அளவுக்கு மீறி ஏறாமலும், அளவுக்கு மீறி வற்றாமலும் காத்தல். இதனை விடுத்து லித்தியம் பேட்டரி செய்வது, கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் குழந்தையை விளையாட விடுவதற்கு ஒப்பாகும்.

இவ்வகைக் கலங்கள் நான்கையும் 14.6 வோல்ட்டு வரை ஏற்றலாம். ஆனால், ஆண்டு முழுதும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கும் பேட்டரியை அவ்வுச்சியில் நிறுத்தி வைத்தால் ஆயுள் குறையும். ஆதலால் 13.8 வோல்ட்டில் நிறுத்தினோம். மின்னேற்றும் அட்டைக்கும் பேட்டரிக்கும் இடையே ஒரு டயோடை வைத்தோம். டயோடு என்பது ஒருவழிக் கதவு. மின்சாரம் உள்ளே செல்லும். மின்தடை நேரத்தில் பேட்டரியிலிருந்து பின்னோக்கி வழிந்து வீணாகாது. டயோடைக் கடக்கையில் சிறிதளவு அழுத்தம் குறைவதால், 13.8 என்னும் அளவை டயோடுக்கு அப்பால் வைத்துப் பார்த்துத் திருத்தினோம்.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், வைஃபை பெட்டி எப்போதும் பேட்டரிப் பக்கத்திலிருந்தே தன் மின்சாரத்தைப் பெறுகின்றது. மின்சாரம் உள்ளபோது மின்னேற்றி பேட்டரியையும் நிரப்புகின்றது, பெட்டியையும் இயக்குகின்றது. மின்சாரம் நின்றால் பேட்டரி அமைதியாக அப்பணியைத் தொடர்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கணமே இல்லாததால், பெட்டி அணைந்து மீண்டும் எழும் தொல்லையும் இல்லை.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். வெளிவரும் பின்னின் நடுமுனை நேர்முனைதானா என்று பெட்டியின் குறியோடு ஒப்பிட்டு, மல்டிமீட்டரில் 12.0 வோல்ட்டு கண்டபின்னரே பெட்டியில் செருகினோம். காற்றுத் துளைகளுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் யாவற்றையும் அடக்கி, சுவரில் மார்பளவு உயரத்தில் மாட்டினோம். நம் ஊரில் தரையில் வைத்த எப்பொருளும் ஐப்பசி, கார்த்திகையில் நீருக்கு இரையாகும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

முதலில் பங்கு இல்லத்தில் ஒன்றை மாட்டிச் சோதித்தோம். அடாப்டரைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்ததில், 7 மணி 40 நிமிடம் ஓடி, காவல் அட்டை தானே துண்டித்தது. அடுத்து வந்த பராமரிப்பு நாளில், காலை முதல் பிற்பகல் வரை பெட்டியின் விளக்கு ஒருமுறையும் இமைக்கவில்லை. இதன்பின் இரண்டாவதாகச் செய்ததை அவ்வாசிரியையின் வீட்டில் மாட்டினோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மகனை அழைக்கச் சொன்னோம். மகன் திரையில் தோன்றியதும், “இப்போது வீட்டில் மின்சாரம் இல்லையடா” என்று அம்மையார் சொல்ல, அவர் சிறிது நேரம் மறுமொழி கூறவில்லை. பின்னர், “விளக்கில்லாமலே உங்கள் முகம் தெரிகிறதே அம்மா” என்றார். சன்னலோரம் அமர்ந்திருந்ததால் பகல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எல்லை எதுவரை?

இப்பெட்டி எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று சொல்லத் துணியோம். நம் பெட்டிக்கு உணவளிக்க நம்மால் இயலும், மறுமுனைக்கு இயலாது. சில தெருக்களில் வழியிலேயே மின்சாரம் தேவைப்படும் கருவிகளை மாடிகளிலும் கம்பங்களிலும் வைத்திருப்பர். தெருவில் மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். இதனை அறிய எளிய வழி உண்டு. அடுத்த மின்தடையின்போது பெட்டியைப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்பது பொருள். அவ்வாறன்றி அது அணைந்திருந்து, மற்ற விளக்குகள் வழக்கம்போல் எரிந்தால் ஒளி வருகின்றது. உங்கள் செலவு வீணன்று. பிறருடைய பேட்டரியை இரவலாக வாங்கி இச்சோதனையைச் செய்துவிட்டுப் பின்னர் பணம் செலவிடுவது அறிவுடைமை.

வெள்ளம் பல நாள் நீடிக்குமாயின் ஏழு மணி நேரம் எம்மூலைக்கு? இங்கேதான் சிக்கனம் உதவுகின்றது. ஏழு மணி என்பது 420 நிமிடம். மூன்று மணிக்கு ஒருமுறை இருபது நிமிடம் மட்டும் இயக்கினால் 21 முறை இயக்கலாம். 63 மணி நேரம், அதாவது இரண்டரை நாளுக்கு மேல் தாங்கும். பெட்டி விழித்துத் தொடர்பு பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எஞ்சியது பேசப் போதும். இதற்கெனவே பேட்டரியை அடுத்து ஒரு சுவிட்சு வைத்தோம். அவ்வாசிரியையும் மகனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளனர். புயல் நாளில் காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என மூன்று மணிக்கொரு முறை மட்டுமே அழைப்பு. இடையிலே தொடர்பு இல்லையென்றால் அஞ்சவேண்டியதில்லை. ஒரு தாளில் இதனை எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டியுள்ளார்.

கைப்பேசியையும் மறத்தலாகாது. இன்றைய கைப்பேசியை ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 19 வாட்டு-மணி வேண்டும். நம் பேட்டரியில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே, புயல் எச்சரிக்கை கேட்டவுடனே கைப்பேசியை முழுதும் நிரப்பிவிடுங்கள். அதன் அமைப்பில் வைஃபை அழைப்பு என்பதையும் இயக்கி வையுங்கள். கைப்பேசிக் கோபுரம் ஓய்ந்த பின்னும், வீட்டு வைஃபை வழியாகச் சாதாரண எண்களை அழைக்க அது உதவும்.

கடையில் வாங்குவோர்க்கும் செய்வோர்க்கும்

ரூட்டருக்கென்றே செய்த சிறு யு.பி.எஸ்.கள் கடையில் கிடைக்கின்றன. கையால் செய்யத் துணிவில்லாதவர் அவற்றை வாங்குவதே நன்று. ஆனால் அட்டையில் உள்ள எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்றிருந்தால், அது பெரும்பாலும் 3.7 வோல்ட்டுக் கலத்தின் கணக்கு. பெருக்கினால் 37 வாட்டு-மணியே. நம் பெட்டியை மூன்றரை மணி நேரத்திற்கு மேல் அது இயக்குவது அரிது. 12 வோல்ட்டுக் கணக்கென்று எண்ணி வாங்கியவர் பதினான்கு மணி நேரத்தை எதிர்பார்த்து ஏமாறுவார். எந்தக் கடையிலும் வாட்டு-மணி எவ்வளவு என்றே கேளுங்கள்.

செய்யத் துணிந்தவர்க்குச் சில எச்சரிக்கைகள். பழைய மடிக்கணினியிலிருந்து உரித்தெடுத்த கலங்களை வீட்டில் நிலையாக வைக்கும் பேட்டரிக்குப் பயன்படுத்தாதீர்கள். வேறு வேறு வயதும் வேறு வேறு அளவும் உள்ள கலங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். ஃபியூஸ் இன்றி எதையும் தொடாதீர்கள். திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் அருகில் மாட்டாதீர்கள். 230 வோல்ட்டுப் பக்கத்தை நாம் திறக்கவே இல்லை. ஆயத்தமாக விற்கும் அடாப்டரையே பயன்படுத்தினோம். அவ்வாறே நீங்களும் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகள் செய்ய விரும்பினால் அறிந்தவர் ஒருவர் அருகில் இருத்தல் இன்றியமையாதது. ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள். நீரூற்றிலும் மண்ணிலும் நஞ்சு கலக்கும். 2022-இல் மத்திய அரசு வகுத்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஆதலால் வாங்கிய கடையிலோ, சேகரிக்கும் இடத்திலோ ஒப்படையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு கணக்கெடுப்பு நிகழட்டும். தனியே வாழும் முதியோர் எத்தனைபேர், அவர்கள் வீட்டுப் பெட்டி எத்தனை வாட்டு உண்கின்றது, மின்தடையில் அவர்கள் தெருவில் ஒளி வருகின்றதா என்னும் மூன்று செய்திகளை ஒரு தாளில் குறித்துத் தாருங்கள். பொறியியல் பயிலும் பிள்ளைகள் நம் பங்குகளில் ஏராளமாக உள்ளனர். விடுமுறை நாளொன்றை அவர்கள் ஒதுக்கினால் இரண்டு மூன்று பெட்டிகள் ஆயத்தமாகிவிடும். பொருட்செலவை வசதியுள்ள குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். மாட்டியபின் ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணி மாதத்தில், அடாப்டரைக் கழற்றி எத்தனை மணி நேரம் ஓடுகின்றது என்று பார்த்துப் பெட்டியின்மேலேயே எழுதி வையுங்கள். ஐந்து மணிக்குக் குறைந்தால் கலங்களை மாற்றும் காலம் வந்ததென்று கொள்ளலாம்.